சாவு சூழ்ந்த வாழ்வும் ஒரு காதல் நாடகமும்

சென்ற ஆண்டு நம் துறையில் நடைபெற்ற கருத்தரங்கில் நான் ஒரு கட்டுரை படித்தேன். 'ரோமியோவும் ஜூலியட்டும்' நாடகத்தில் வரும் மரண நிமித்தங்கள் பற்றிய கட்டுரை அது. தம் ஒரே மகனைப் பறிகொடுத்த ஷேக்ஸ்பியர், அத்துயரத்தை ஆற்றிக்கொள்ள வழியின்றியே இளங்காதலர் இருவரை மேடையில் மடியச் செய்தார் என்று அதில் முழங்கியிருந்தேன். கைதட்டலும் கிடைத்தது. நான் அமர்ந்ததும் எங்கள் பேராசிரியர் எழுந்து இரண்டே கேள்விகள் கேட்டார். மகன் இறந்தது எந்த ஆண்டு? நாடகம் மேடையேறியது எந்த ஆண்டு? முதற் கேள்விக்கு விடை சொன்னேன். இரண்டாம் கேள்விக்குத் தலை குனிந்தேன். மறுநாளே நூலகத்திற்குச் சென்றேன். அங்கே நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பழைய கட்டுரைக்கு இது ஒரு திருத்தம் என்றும் கொள்ளலாம்.

பிறந்த ஊரும் வந்த நோயும்

இங்கிலாந்தில் ஏவன் ஆற்றங்கரையில் ஸ்டிராட்போர்டு என்றோர் ஊர். கையுறை தைத்து விற்கும் ஜான் ஷேக்ஸ்பியர் என்பவருக்கும் அவர் மனைவி மேரி ஆர்டனுக்கும் மூன்றாவது குழந்தையாகப் பிறந்தவர் வில்லியம். 1564ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் அவ்வூர்த் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றதாகப் பதிவேடு கூறுகிறது. மூன்றாவது குழந்தை என்றாலும் வீட்டில் விளையாடிக்கொண்டிருக்க அக்காமார் இல்லை. மூத்தவள் ஜோன், அடுத்தவள் மார்கரெட் ஆகிய இருவருமே குழந்தைப் பருவத்திலேயே இறந்து போனார்கள். இரண்டு தொட்டில்கள் வெறுமையான வீட்டில் மூன்றாவது தொட்டில் கட்டிய பெற்றோர் எவ்வளவு அஞ்சியிருப்பார்கள்!

அந்த அச்சம் வீண் போகவில்லை. குழந்தைக்கு மூன்று மாதம் நிறைவதற்குள், ஜூலை 11ஆம் நாள், அதே பதிவேட்டில் ஒரு தொழிற்பயிலுநரின் அடக்கம் குறிக்கப்பட்டது. அதன் ஓரத்தில், கொள்ளைநோய் இங்கே தொடங்கியது என்ற பொருள்பட இலத்தீன் மொழியில் ஒரு குறிப்பும் எழுதப்பட்டது. ஆண்டு முடிவதற்குள் அச்சிற்றூரில் இருநூறு பேருக்கு மேல் மாண்டனர். ஊர் மன்றத்தார் நான்கு சுவருக்குள் கூடுவதற்கு அஞ்சித் தோட்டத்தில் கூடினர். நோயுற்ற குடும்பங்களுக்காகத் திரட்டிய நிதிக்கு ஜான் ஷேக்ஸ்பியரும் தம் பங்கை அளித்தார். ஹென்லி தெருவில் இருந்த அவருடைய வீட்டை மட்டும் நோய் தீண்டாமல் விட்டது. தீண்டியிருந்தால் இன்று நமக்கு ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்தில் பாதி இல்லை.

வில்லியமுக்குப் பின் ஐந்து குழந்தைகள் பிறந்தார்கள். 1569இல் பிறந்த பெண்ணுக்கு, இறந்துபோன மூத்தவளின் பெயரையே மீண்டும் ஜோன் என்று வைத்தார்கள். 1571இல் பிறந்த ஆன் என்ற தங்கை ஏழு வயதில் இறந்தாள். அப்போது வில்லியமுக்கு வயது பதினான்கு; நினைவறிந்த வயது. தங்கையின் பாடை வீட்டைவிட்டுப் போவதை அவர் கண்ணாரக் கண்டிருப்பார்.

மணமும் மக்களும்

தந்தையின் நிலை முதலில் உயர்ந்தது. 1568இல் அவர் ஊர்த் தலைவர் பதவியிலும் அமர்ந்தார். பின்னர்க் கடனும் வழக்கும் சூழ்ந்து குடும்பம் தாழ்ந்தது. அந்நிலையில் 1582ஆம் ஆண்டு நவம்பரில், பதினெட்டு வயது இளைஞரான வில்லியம், தம்மைவிட எட்டு வயது மூத்தவரான ஆன் ஹாத்தவேயை மணந்தார். அடுத்த ஆண்டு மே மாதத்தில் சூசன்னா என்ற பெண் பிறந்தாள். 1585ஆம் ஆண்டு பிப்ரவரியில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. பெண்ணுக்கு ஜூடித் என்றும் ஆணுக்கு ஹாம்னெட் என்றும் பெயரிட்டனர். இருபத்தொரு வயது நிரம்புமுன் அவர் மூன்று மக்களுக்குத் தந்தையாகிவிட்டார்.

மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு அவர் இலண்டன் சேர்ந்தார். 1592ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு சிறு நூலில், கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற நாடக ஆசிரியரான ராபர்ட் கிரீன், படிக்காத நடிகன் ஒருவன் எங்களோடு போட்டிக்கு வருகிறானே என்று எரிச்சலோடு ஏசுவதிலிருந்து, ஷேக்ஸ்பியர் அதற்குள் பெயர் பெற்றுவிட்டார் என்பது விளங்கும். அவரைப் பற்றி இலண்டனில் அச்சான முதற் சான்று அந்த வசைமொழியே ஆகும்.

பூட்டிய அரங்குகள்

அதே 1592ஆம் ஆண்டில் இலண்டனில் நாடக அரங்குகள் மூடப்பட்டன. கலகத்தைக் காரணம் காட்டி முதலில் மூடினார்கள். அவற்றைத் திறக்கவிடாமல் தடுத்தது கொள்ளைநோய். நடுவில் ஓரிரு முறை சிறிது காலம் திறந்ததைத் தவிர, 1594ஆம் ஆண்டு வரை அரங்குகள் இயங்கவில்லை. 1593ஆம் ஆண்டில் மட்டும் அந்நகரில் பத்தாயிரம் பேருக்கு மேல் அந்நோயால் இறந்தார்கள். அவ்வாண்டு மே 30ஆம் நாள், ஷேக்ஸ்பியரின் வயதையொத்தவரும் அக்கால நாடக ஆசிரியர்களுள் முதல்வராக விளங்கியவருமான கிறிஸ்டபர் மார்லோ, நோயினாலன்றிக் கத்திக்குத்தால் மாண்டார். வேலையிழந்த ஷேக்ஸ்பியர் அக்காலத்தில் இரண்டு நெடும் பாடல்கள் இயற்றி, சவுதாம்ப்டன் பிரபுவுக்குக் காணிக்கையாக்கி அச்சிட்டார்.

அந்நாளில் ஒரு வீட்டில் நோய் கண்டால் என்ன செய்வார்கள்? நோயாளியை மட்டுமன்றி அவரோடு இருந்த அனைவரையும் உள்ளே வைத்துக் கதவை அடைத்துவிடுவார்கள். வாசலில் அடையாளம் இடுவார்கள். காவலுக்கு ஆள் நிற்பான். பிணத்தைப் பார்த்து நோய் இன்னதென்று சொல்வதற்காகச் சோதனைக்காரர்கள் அமர்த்தப்பட்டிருந்தார்கள். அவர்கள் சொல்வதே முடிவு. பல வாரங்கள் அக்கதவு திறக்கப்படாது.

இதைப் படித்தபோது எனக்குப் பழைய நினைவொன்று வந்தது. 2020ஆம் ஆண்டில் நான் பள்ளி மாணவன். எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்கள். அந்த வீட்டுப் பையன் என் வகுப்புத் தோழன். அடைபட்டிருந்த அந்த நாட்களில் வெளியூரில் அவனுடைய தாத்தா இறந்துவிட்டார். செய்தி கைப்பேசியில் உடனே வந்துவிட்டது. போகத்தான் வழியில்லை. தகரத்துக்கு அப்பால் அவன் அழுத குரல் எங்கள் திண்ணை வரை கேட்டது. 'ரோமியோவும் ஜூலியட்டும்' நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில் முப்பது வரிகளே கொண்ட ஒரு சிறு காட்சியை நான் உண்மையில் படித்தது அந்தக் குரல் நினைவுக்கு வந்த பிறகுதான்.

நாடகம் பிறந்த கதை

1594இல் அரங்குகள் திறந்தன. ஷேக்ஸ்பியர் புதிதாக அமைந்த நாடகக் குழுவொன்றில் பங்குதாரர் ஆனார். அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் எழுந்ததே நம் நாடகம். கதை அவர் கற்பித்தது அன்று. இத்தாலியக் கதையாசிரியர்களிடமிருந்து பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆர்தர் புரூக் என்பவர் 1562இல் அதை நெடும் பாட்டாக வெளியிட்டார். பெற்றோர் சொல் கேளாத காதலர்க்கு இதுவே கதி என்று முன்னுரையில் கடிந்துரைத்தவர் அவர். அடுத்த ஆண்டிலேயே கப்பல் கவிழ்ந்து அவரும் கடலில் மாண்டார்.

ஷேக்ஸ்பியர் செய்த மாற்றங்கள் சில. புரூக்கின் பாட்டில் கதை பல மாதங்கள் நடக்கிறது. நாடகத்தில் ஞாயிறு தொடங்கி வியாழன் விடியலில் முடிந்துவிடுகிறது. பாட்டில் ஜூலியட்டுக்குப் பதினாறு வயது. நாடகத்தில் பதினான்கு நிரம்பவில்லை. கடிந்துரைக்கும் முன்னுரை இல்லை. அதற்குப் பதிலாக, திரை விலகும் முன்பே ஒருவர் மேடைக்கு வந்து, பதினான்கு அடிகளில், இக்காதலர் இருவரும் சாவார்கள், அவர்கள் சாவினால்தான் பெற்றோர் பகை தீரும் என்று முடிவைச் சொல்லிவிடுகிறார். என்ன நடக்கும் என்பது அவையோருக்குத் தெரியும். மேடையில் இருப்போருக்கு மட்டுமே தெரியாது.

அதன்பின் வரும் நிமித்தங்களை வரிசையாக எண்ணிப் பாருங்கள். விருந்துக்குப் புறப்படும் ரோமியோவுக்குக் காரணமின்றி நெஞ்சில் அச்சம் எழுகிறது. அந்த இரவில் தொடங்குவது தன் அகால மரணத்தில் முடியுமென அஞ்சுகிறான். அவனைக் கண்ட முதல் இரவிலேயே ஜூலியட், அவன் மணமானவனாக இருந்தால் கல்லறையே தன் மணக்கட்டில் என்கிறாள். துறவி லாரன்ஸ் விடியலில் பூப்பறிக்கிறார்; ஒரே பூவில் மருந்தும் நஞ்சும் உள்ளன என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில் ரோமியோ வந்து நிற்கிறான். குத்துண்டு சாகும் மெர்குஷியோ இரு குடும்பங்களையும் சபிக்கிறான். எந்தச் சொல்லால்? கொள்ளைநோய் என்ற சொல்லால்! மகள் திருமணத்துக்கு மறுத்ததும் தாய் சினந்து, இவள் கல்லறையை மணந்துகொள்ளட்டும் என்கிறாள். ஏணியில் இறங்கும் கணவனை மேலிருந்து பார்க்கும் ஜூலியட்டின் கண்ணுக்கு, அவன் கல்லறைக் குழியில் கிடக்கும் பிணமாகத் தோன்றுகிறான். அவர்கள் ஒருவரையொருவர் உயிரோடு பார்ப்பது அதுவே கடைசி முறை.

இறுதியாக ஒரு கனவு. தான் இறந்து கிடப்பதாகவும், காதலி வந்து முத்தமிட்டு உயிர் கொடுப்பதாகவும் ரோமியோ கனவு காண்கிறான். அதை நற்சகுனமாகக் கொண்டு மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே ஜூலியட் இறந்த செய்தி வருகிறது. தீய கனவுகளை எல்லாம் அஞ்சியவன், உண்மையிலேயே சாவைக் காட்டிய கனவை மட்டும் நம்பி மகிழ்ந்துவிட்டான்.

இவற்றுள் நான் முன்பு கவனிக்காதது ஒன்று உண்டு. ஜூலியட்டின் செவிலித்தாய்க்கு ஒரு மகள் இருந்தாள். ஜூலியட்டின் வயதையொத்தவள். சிறு குழந்தையாகவே இறந்துவிட்டாள். அவளுடைய பெயர் சூசன். வேடிக்கையாகப் பேசிக்கொண்டே வரும் செவிலி நடுவில் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போகிறாள். ஜூலியட்டின் தந்தையும் தம் மற்ற மக்களை மண் விழுங்கிவிட்டதாக ஓரிடத்தில் சொல்கிறார். ஆக, கதை தொடங்குமுன்பே அந்த வீட்டிலும் வெறுமையான தொட்டில்கள் இருந்தன.

அடைத்த கதவு

இனி அந்தச் சிறு காட்சிக்கு வருகிறேன். மாற்றுத் திருமணத்திலிருந்து ஜூலியட்டைக் காக்க, 42 மணி நேரம் பிணம்போல் கிடக்கச் செய்யும் மருந்தைத் துறவி லாரன்ஸ் கொடுக்கிறார். உண்மையைத் தெரிவித்து மாண்டுவா நகரிலுள்ள ரோமியோவுக்குக் கடிதம் எழுதி, துறவி ஜானிடம் கொடுத்தனுப்புகிறார். துறவி ஜான் துணைக்கு இன்னொரு துறவியைத் தேடிப் போகிறார். அத்துறவி நோயாளிகளைப் பார்க்கச் சென்றிருக்கிறார். இருவரும் நோய் கண்ட வீட்டில் இருந்தவர்கள் என்று ஐயுற்ற நகரச் சோதனைக்காரர்கள், அவர்களை உள்ளே வைத்துக் கதவை அடைத்துவிடுகிறார்கள். கடிதத்தைத் திருப்பி அனுப்பவும் ஆள் கிடைக்கவில்லை. எல்லாருக்கும் தொற்று அச்சம். இதற்கிடையில், ஜூலியட்டை அடக்கம் செய்ததைக் கண்ட வேலையாள் குதிரையேறி மாண்டுவா போய்ச் சேர்ந்துவிடுகிறான். பொய்ச் செய்தி முந்திக்கொண்டது. மெய்ச் செய்தி பூட்டிய கதவுக்குள் கிடந்தது. அடுத்தது நஞ்சு, அதற்கடுத்தது கத்தி.

கொள்ளைநோயால் தூதர் தடைப்படுவது புரூக்கின் பாட்டிலும் உண்டு. ஆனால் அங்கே அது மாண்டுவாவில், துறவியர் மடத்தில் நடக்கிறது. ஷேக்ஸ்பியர் அதை வெரோனா நகருக்குள்ளேயே கொண்டுவந்து, சோதனைக்காரர்களையும் சேர்த்தார். அன்றைய இலண்டன் மக்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலர் அத்தகைய கதவுகளுக்குப் பின்னால் இருந்துவிட்டு வந்தவர்கள்.

விதி, நட்சத்திரம், கனவு என்று நாடகம் முழுவதும் பேசினாலும், காதலரைக் கொன்றது அவற்றுள் எதுவும் இல்லை. அடைத்த கதவு ஒன்று. அதை அடைத்தவர்கள் தங்கள் கடமையைச் செய்தவர்கள். அடைக்கக் காரணமானவரோ நோயாளிகளைக் காணச் சென்ற நல்லவர். நிமித்தங்களைத் தேடித் தொகுத்த என் பழைய கட்டுரையில் இந்தக் காட்சிக்கு ஒரு வரிகூட நான் ஒதுக்கவில்லை.

நிமித்தமின்றி வந்த சாவு

இப்போது பேராசிரியர் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு வருகிறேன். ஸ்டிராட்போர்டுப் பதிவேட்டின்படி ஹாம்னெட் அடக்கம் செய்யப்பட்ட நாள் 1596ஆம் ஆண்டு ஆகஸ்டு 11. அவனுக்கு வயது பதினொன்று. இறந்த காரணம் எழுதப்படவில்லை. நாடகமோ 1597இல் முதன்முதலாக அச்சாயிற்று. பல முறை மேடையில் நடிக்கப்பட்டுப் பாராட்டுப் பெற்றது என்று அதன் முகப்பே கூறுகிறது. அது எழுதப்பட்டது 1595ஆம் ஆண்டையொட்டி என்பதே அறிஞர் பலரின் முடிவு. அப்படியானால், மகன் இறந்த துயரத்தில் தந்தை இந்நாடகத்தை எழுதினார் என்பது பொருந்தாது. இளமையிலே மடியும் பிள்ளையை முதலில் மேடையில் படைத்தார். பிறகு தம் வீட்டிலேயே அதைக் கண்டார்.

நாடகத்தின் இறுதியில், பிள்ளைகளை இழந்த தந்தையர் இருவரும் கைகோத்துக்கொள்கிறார்கள். பொன்னால் சிலை வைப்பதாக ஒருவருக்கொருவர் வாக்களிக்கிறார்கள். அந்த வரிகளை எழுதியபோது ஷேக்ஸ்பியரின் மகன் ஸ்டிராட்போர்டுத் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தான். எத்தனையோ நிமித்தங்களைப் புனைந்த கவிஞருக்கு அன்று ஒரு நிமித்தமும் தென்படவில்லை. ஹாம்னெட் இறந்த பின்னரும் அந்நாடகம் நடந்துகொண்டுதான் இருந்தது. அந்த இறுதிக் காட்சியைத் திரைக்குப் பின்னால் நின்று அவர் எப்படிக் கேட்டாரோ!

எஞ்சிய ஆண்டுகள்

மகன் இறந்த இரண்டு மாதங்களில், 1596 அக்டோபரில், குடும்பத்துக்குக் குலச்சின்னம் அணியும் உரிமை கிடைத்தது. அதைச் சுமந்து செல்ல வேண்டிய வாரிசுதான் இல்லை. 1597இல் சொந்த ஊரில் 'நியூ பிளேஸ்' என்ற பெரிய வீட்டை வாங்கினார். 1599இல் 'குளோப்' அரங்கு எழுந்தது. 1601இல் தந்தை இறந்தார். 'ஹாம்லெட்' அந்த ஆண்டுகளில் எழுந்த நாடகம். கடலில் மூழ்கிவிட்டான் என்று எண்ணிய இரட்டைச் சகோதரனை உயிரோடு காணும் தங்கையின் கதையான 'பன்னிரண்டாம் இரவு' நாடகமும் அக்காலத்ததே. இவற்றையெல்லாம் ஹாம்னெட்டோடு முடிச்சுப் போட எனக்குக் கை துறுதுறுக்கிறது. ஆனால் ஒருமுறை பட்ட பாடு போதும். ஆண்டுகளை மட்டும் தந்து நிறுத்திக்கொள்கிறேன்.

1607ஆம் ஆண்டில் மூத்த மகள் சூசன்னா, ஜான் ஹால் என்ற மருத்துவரை மணந்தார். அதே ஆண்டின் கடைசி நாளில், அண்ணனைப் பின்பற்றி நடிகரான கடைசித் தம்பி எட்மண்டு, இருபத்தேழு வயதில் இலண்டனில் அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு தாய் மறைந்தார். 1613 ஜூன் 29ஆம் நாள் நாடகம் நடந்துகொண்டிருந்தபோதே பீரங்கிப் பொறி கூரையில் பட்டு 'குளோப்' அரங்கு எரிந்து சாம்பலாயிற்று.

1616ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் ஷேக்ஸ்பியர் தம் உயிலில் கையெழுத்திட்டார். ஏப்ரல் 23ஆம் நாள் காலமானார். வயது ஐம்பத்திரண்டு. ஞானஸ்நானம் பெற்ற அதே தேவாலயத்தில் இரண்டு நாள் கழித்து அடக்கம் செய்யப்பட்டார். தம் எலும்புகளை இடம் மாற்றுவோரைச் சபிக்கும் வரிகள் அக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. ஹாம்னெட்டோடு பிறந்த ஜூடித், மகன்கள் மூவரையும் புதைத்துவிட்டு 1662 வரை வாழ்ந்தார். 1670இல் பேத்தி எலிசபெத் இறந்ததும் அவ்வமிசம் அற்றுப்போயிற்று.

நிலைத்தவை நாடகங்கள். 1623ஆம் ஆண்டில் அவருடைய பழைய நண்பர்களான நடிகர்கள் இருவர் 36 நாடகங்களைத் தொகுத்து அச்சிட்டார்கள். 'ரோமியோவும் ஜூலியட்டும்' அவற்றுள் ஒன்று. 1937இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி' திரைப்படத்தின் காதற் காட்சிகளிலும் அந்நாடகத்தின் சாயல் உண்டு.

மாணவ நண்பர்களே! தேர்வுக்கு இந்நாடகத்தைப் படிக்கும்போது மாடக் காட்சியையும் கல்லறைக் காட்சியையும் குறித்து வைத்துக்கொள்கிறோம். ஐந்தாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியிலிருந்து வினா வருவதில்லை என்பதால் அதைப் புரட்டிவிடுகிறோம். இம்முறை அங்கே சற்று நில்லுங்கள். துறவி ஜான் பிரிக்கப்படாத கடிதத்தோடு திரும்பி வந்து நிற்பார். அதைப் படித்தபின் உங்கள் ஊரில் 2020இலும் 2021இலும் அடைபட்டிருந்த கதவுகளை எண்ணிப் பாருங்கள். என் கட்டுரையின் பிழையைச் சுட்டிக்காட்டிய பேராசிரியர் அவர்களுக்கு, கருத்தரங்கில் சொல்லத் தவறிய நன்றியை இங்கே தெரிவித்துக்கொள்கிறேன்.